சூடானதும் முரண்டு பிடிக்கும் டர்ட் பைக்: இன்ஜெக்டரில் கை வைக்கும் முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 250 சிசி, நான்கு ஸ்ட்ரோக், எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு) டர்ட் பைக். கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். காலையில் பட்டனை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் சுற்றுகிறதே தவிர பிடிப்பதில்லை. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பிளக் புதிது. இன்ஜெக்டரையும் பெட்ரோல் பம்பையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தள்ளினால் பிடித்துக்கொள்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாதி நோயை அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது.

பம்ப் தளர்ந்துபோனால் அது முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்டார்ட் செய்யும்போது அல்ல, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போதுதான். உச்ச வேகத்தில் இன்ஜின் கேட்கும் பெட்ரோலைத் தர முடியாமல் திணறும். இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் ஓட்டத்தில் தெரியும். உங்கள் பைக் குறையில்லாமல் ஓடுகிறது என்றால் இரண்டும் பெரும்பாலும் நிரபராதிகள். எஃப்ஐ என்ற இரண்டு எழுத்தைக் கேட்டதும் பழியை அங்கே போடுவது பட்டறைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. கார்புரேட்டர் காலத்தில் எல்லாக் குற்றத்தையும் கார்புரேட்டர் சுமந்தது, இப்போது வாரிசு சுமக்கிறது.

தள்ளும்போது என்ன மாறுகிறது என்று பாருங்கள். செல்ஃப் மோட்டாரைவிட வேகமாக இன்ஜின் சுற்றுகிறது. அந்த மோட்டார் உறிஞ்சும் பெரிய மின்சாரமும் மிச்சமாகிறது, பேட்டரி முழுவதும் இசியூவுக்கும் (இன்ஜினை ஆளும் கணினி) பம்புக்கும் ஸ்பார்க் தரும் காயிலுக்கும் கிடைக்கிறது. ஆகவே சந்தேகப் பட்டியலில் முதல் இரண்டு பெயர்கள்: தளர்ந்த பேட்டரி, கசியும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்திய கலவை வால்வு வழியே வெளியேறுவது). இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஸ்பேனர்கூடத் தேவையில்லை. பைக் சூடாக இருந்து மறுக்கும் நேரத்தில், முழுச் சார்ஜ் உள்ள இன்னொரு 12 வோல்ட் பேட்டரியைச் சரியான முனைகளில் இணைத்துப் பட்டனை அழுத்துங்கள். காரிலிருந்து எடுப்பதாக இருந்தால் கார் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். உடனே பிடித்துக்கொண்டால் மின்சாரம். அப்போதும் வெறுமனே சுற்றினால் வால்வு.

மின்சாரம்தான் என்று தெரிந்தால் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். இன்ஜின் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. இன்னும் சரிந்தால் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இசியூ விழித்துத் தூங்கி விழித்துக்கொண்டிருக்கும், ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது. ஓய்வில் இருக்கும் பேட்டரியை அளந்து 12.8 காட்டுகிறதே என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஈய பேட்டரிக்கு அது முழுச் சார்ஜ். இன்றைய டர்ட் பைக்குகள் பலவற்றில் வரும் லித்தியம் பேட்டரிக்கோ 13.2, 13.3 இருக்க வேண்டும், 12.8 என்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி நல்லதென்றால் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி மீட்டரைப் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையே காட்டாவிட்டால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரோ அதைச் சீராக்கும் ரெகுலேட்டரோ சார்ஜ் ஏற்றவில்லை. எர்த் வயர் ஃபிரேமில் சேரும் போல்ட்டையும் கழற்றித் துடைத்து இறுக்குங்கள், சேறும் உயர் அழுத்தத் தண்ணீரும் சேர்ந்து அதைத்தான் முதலில் தின்னும்.

ஆனால், காலையில் முதல் அழுத்தலிலேயே பிடித்துக்கொள்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், என் பந்தயம் வால்வின் மேல்தான். பந்தய வகை நான்கு ஸ்ட்ரோக் பைக்குகள் பலவற்றில், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு டைட்டானியத்தால் ஆனது. அதன் முகத்தில் மெல்லிய, கடினமான பூச்சு இருக்கும். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்தூசி அந்தப் பூச்சைத் தேய்த்துவிட்டால், வால்வு தன் அமர்விடத்துக்குள் புதைய ஆரம்பிக்கும். வால்வு உள்ளே புதையப் புதைய அதன் தண்டு, வால்வைத் திறக்கும் கேமை நோக்கி மேலேறும், இரண்டுக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது, அழுத்திய கலவை வந்த வழியே திரும்பிக் கசியும்.

பிறகு ஏன் காலையில் மட்டும் எழுகிறது? குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதோடு இன்ஜின் குளிர்ந்திருப்பதை உணர்ந்த இசியூ பெட்ரோலைத் தாராளமாகத் தெளிக்கிறது. இரண்டும் சேர்ந்து கசிவை மறைத்துவிடுகின்றன. சூடான பிறகு அந்தச் சலுகை கிடையாது.

சில காலம் முன்பு இதே குணத்தோடு ஒரு பைக் என்னிடம் வந்தது. புது பம்ப், புது இன்ஜெக்டர் எல்லாம் ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். வால்வு மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) 0.10 மில்லிமீட்டர் தகட்டை இன்டேக் பக்கம் நுழைத்தேன், போகவில்லை. 0.05 முனையைக் கவ்வியதோடு சரி. அதற்கும் மெல்லிய தகடு பட்டுநூல்போல் வளைந்ததே தவிர உள்ளே போகவில்லை. ஷிம் (இந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றியதும், சூட்டோடு சூடாக முதல் அழுத்தலில் பிடித்தது. உரிமையாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் அளக்கும்போது இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க வேண்டும். பல மாடல்களில் இன்டேக் 0.10 முதல் 0.15 வரை இருக்கும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிடச் சற்று அதிகம். உங்கள் மாடலுக்கு மேனுவல் சொல்வதே சட்டம். கம்ப்ரஷன் கேஜை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். செல்ஃப் சுலபமாகச் சுற்றுவதற்காகக் கேமில் இருக்கும் டிகம்ப்ரஷன் அமைப்பு எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும், அதனால் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். லீக் டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றும்போது சீறல் த்ராட்டில் பாடி பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட், கிராங்க் கேஸ் பிரீதரில் (இன்ஜின் அடிப்பகுதியின் காற்றுக் குழாய்) கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

மெக்கானிக்குக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும். இன்ஜெக்டர் அடைபடாமல், மூடாமல் சொட்டினால் சூடான இன்ஜினில் பெட்ரோல் தேங்கி இதே தொல்லை வரும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்தபடி ஐந்து விநாடி சுற்றிப் பாருங்கள். கரும்புகையும் பெட்ரோல் வாடையுமாகப் பிடித்தால் அவர் சொன்னதில் பாதி சரி. இந்தச் சோதனையைத் தவிர மற்ற நேரங்களில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கார்புரேட்டரில் முறுக்கினால் ஒரு பீய்ச்சல் பெட்ரோல் போகும். எஃப்ஐயில் இன்ஜின் நின்றிருக்கும்போது முறுக்கினால் காற்றுக்கு வழி திறக்கிறது, அவ்வளவுதான். பழைய கைகளுக்கு இந்தப் பழக்கம் விடாது, எனக்கே விட நாளானது.

கூலன்ட் சென்சார் கெட்டு, இன்ஜின் குளிர்ந்திருப்பதாக இசியூவிடம் பொய் சொன்னாலும் இதே மாதிரி பெட்ரோல் அதிகமாகும். எஃப்ஐ விளக்கு கண் சிமிட்டுகிறதா பாருங்கள். பல ஜப்பானியத் தயாரிப்புகளில் நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று, எண்ணிக் கூட்டி மேனுவலில் தேடலாம். விளக்கு எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள், இறுகிய வால்வை அதனால் பார்க்க முடியாது. பைக் விழுந்த பிறகு மறுத்தால் மட்டும் கதை வேறு: சாய்வு சென்சார் இணைப்பைத் துண்டித்திருக்கும், நிமிர்த்தி, மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

ஷிம் மாற்றி பைக் எழுந்துவிட்டால், அன்றைய அளவையும் இன்ஜின் ஓடிய மணியையும் எழுதி வையுங்கள். சில மணி நேர ஓட்டத்திலேயே இடைவெளி மீண்டும் இறுகினால் பூச்சு போய்விட்டது, இன்னொரு ஷிம் வாங்குவது வீண். வால்வை மாற்றி, அமர்விடத்தையும் சீராக வெட்ட வேண்டும். பழைய வால்வையே பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டைட்டானியத்தில் மிச்சமிருக்கும் பூச்சும் அந்தப் பேஸ்ட்டோடு போய்விடும்.