எந்த மீனோடு எந்த மீன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் 'மீன் செத்துவிட்டது, என்ன மருந்து போடலாம்?' என்றுதான் முடிகின்றன. மருந்து பற்றி அப்புறம் பேசலாம். கடையில் மீனைக் கை காட்டும் அந்த ஐந்து நிமிடத்திலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது என்பதால், மீனைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

மகன் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி வாங்கினோம். அன்றைக்கே இரண்டு கோல்டு ஃபிஷ், நான்கு கப்பி, இரண்டு ஷார்க், தொட்டிப் பாசியைத் தின்னும் சக்கர் மீன் ஒன்று போட்டோம். 'எல்லாம் ஒண்ணா இருக்கும்' என்றார் கடைக்காரர். பத்து நாளில் கப்பி நான்கும் போய்விட்டன. ஒரு கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மகன் அழுகிறான். – ஆவடி வாசகி

முதலில் இருக்கிற மீனைக் காப்பாற்றுவோம் அம்மா. இன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதிதாக ஊற்றுவது குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம். ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு மாற்றிக்கொண்டே இருங்கள்.

நடந்தது இதுதான். மீனின் செவுள் வழியாகவும் கழிவிலும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டிக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்பு வரை ஊற்றினாலும் 55 லிட்டர்தான் பிடிக்கும். அதில் ஒன்பது மீன், அதிலும் இரண்டு கோல்டு ஃபிஷ். அவை தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம்.

கூட்டணியும் சரியில்லை. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 20 டிகிரி சுற்றி இருந்தால் நன்றாக இருக்கும். கப்பிக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். கடையில் ஷார்க் என்று விற்பது சுறா இனமே இல்லை. அது மீக்காங் நதியைச் சேர்ந்த ஒரு கெளுத்தி வகை. ஆந்திரப் பண்ணைகளில் வளர்த்து, உணவகங்களில் 'பாசா' என்று பரிமாறுகிறார்களே, அதே மீன்தான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். பயந்த சுபாவம் என்பதால் கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஷார்க் இரண்டையும் சக்கரையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கோல்டு ஃபிஷ் மட்டும் இருக்கட்டும். அவற்றுக்கும் பின்னாளில் மூன்றடித் தொட்டி தேவைப்படும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: மீன் போனது அவன் தப்பில்லை.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். மூன்று முறை நியான் டெட்ரா வாங்கிவிட்டேன், ஒரு மாதம் தாண்டவில்லை. பி.ஹெச். (தண்ணீரின் அமில, கார அளவு) குறைக்கும் மருந்து ஊற்றியும் பயனில்லை. – வேளச்சேரி வாசகர்

உங்கள் குளியலறை வாளியில் வெள்ளையாகப் படிகிறதா? குழாய் முனையில் சுண்ணாம்பு மாதிரி கட்டுகிறதா? அப்படியென்றால் அது கடினத் தண்ணீர். நியான் அமேசான் பகுதி ஓடைகளின் மீன். இலைச்சாறு ஊறிய, உப்பே இல்லாத மென்மையான தண்ணீர் அதற்குப் பழக்கம். மருந்து ஊற்றி பி.ஹெச்.சை இறக்கினாலும், உங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அதைத் திரும்ப மேலே இழுத்துவிடும். இப்படி ஏறி இறங்குவது மீனுக்கு இன்னும் கொடுமை. இதற்குப் பயந்து வெறும் ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அதில் மீனுக்குத் தேவையான தாது உப்பு இருக்காது.

தண்ணீரை மீனுக்காக மாற்றாமல், தண்ணீருக்குப் பொருந்தும் மீனை வாங்குங்கள். முப்பது வருடத்தில் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் நான்கும் குட்டி போடும் மீன்கள், கடினத் தண்ணீரில் செழிப்பாக இருக்கும். நம் ஊர் போர் தண்ணீர் இவற்றுக்கு வரம். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வாங்குங்கள். பெண் குறைந்தால் ஆண்கள் அதை ஓயவிடாமல் துரத்தியே கொன்றுவிடும். குட்டிகளுக்கு இடமில்லை என்றால் ஆண் கப்பியாகவே ஏழெட்டு வாங்கிவிடுங்கள். பெண் மட்டும் வாங்கினால் குட்டி வராது என்று நினைக்க வேண்டாம். கடையிலேயே சினையாகியிருக்கும். ஒரு முறை சேர்ந்ததை வைத்துப் பல மாதம் குட்டி போடும்.

முட்டையிடும் மீன் வேண்டுமென்றால் ஜீப்ரா டேனியோ இருக்கிறது. நம் நாட்டு மீன், அநேகமாக எந்தத் தண்ணீரையும் தாங்கும். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு முதல் முறை போகிறேன். இத்தனை கடையில் நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது? – திருவள்ளூர் வாசகி

நல்ல கேள்வி. போனதும் பணப்பையைத் திறக்காதீர்கள். ஒரு சுற்று சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். மீனைப் பார்க்கும் முன் அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு மூலையில் ஒரே ஒரு செத்த மீன் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள், மற்றவை எவ்வளவு துள்ளினாலும் சரி. ஒரு முறை ஆறு அழகான பிளாட்டிகளுக்கு ஆசைப்பட்டு நான் இதை மீறினேன். நான்காம் நாள் உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி. என் பழைய மீன்களும் சேர்ந்து போயின. இரண்டு வருடம் வளர்த்த மீன்கள்.

பிறகு மீனைப் பாருங்கள். துடுப்பு விரிந்திருக்க வேண்டும். உடம்போடு ஒட்டி மடங்கியிருந்தால் நோய். வயிறு ஒட்டிப்போய் முதுகு கத்தி மாதிரி இருந்தால் உள்ளே புழு இருக்கலாம். செதில் பலாக்காய் முள் போல நிமிர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். கல்லிலும் தரையிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அரிப்பு, ஒட்டுண்ணியாக இருக்கலாம். கடைசியாக, 'கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க' என்று கேளுங்கள். ஓடி வந்து தின்கிற மீனை வாங்குங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். மீன் எப்போது வந்தது என்றும் கேளுங்கள். நேற்று வந்திறங்கிய மீனைவிட ஒரு வாரம் கடையில் இருந்து தேறிய மீன் மேல்.

வீட்டுக்கு வந்ததும் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேருங்கள். அப்புறம் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. ஏற்கெனவே மீன் இருக்கிற வீடென்றால், புது மீனைத் தனி பிளாஸ்டிக் டப்பில் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மூன்று வாரம் வைத்திருந்து பிறகு சேருங்கள். யாருக்கும் இதற்குப் பொறுமை இருப்பதில்லை, தெரியும். ஆனாலும் செய்யுங்கள்.

ஏஞ்சலோடு டைகர் பார்ப் வைக்கலாமா? – சேலம்

கூடாது. ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளை டைகர் பார்ப் கடித்துக் குதறிவிடும். நியானோடும் ஏஞ்சலை வைக்காதீர்கள். வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் ஒரு வாய் உணவு.

ஃபைட்டர் மீனுக்குத் துணையாகக் கப்பி விடலாமா? தனியாக இருக்கிறதே என்று மனசு கஷ்டமாக இருக்கிறது. – மதுரை

உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஆண் ஃபைட்டருக்குத் தனிமை துன்பமில்லை. வண்ண வால் ஆடும் ஆண் கப்பியை அது இன்னோர் ஆண் ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கும். உண்மையில் அதன் துன்பம் கண்ணாடிக் கிண்ணம்தான். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் கிண்ணத்தில் உடனே சாகாது, அவ்வளவே. இருபது லிட்டர் தண்ணீரும் ஒரு செடியும் கொடுத்துப் பாருங்கள், வேறு மீனாகிவிடும்.

பச்சை, ரோஸ், நீலம் என்று கோடு போட்ட கண்ணாடி மீன் பார்த்தேன். வாங்கலாமா? – கோவை

தயவுசெய்து வேண்டாம். அந்த நிறம் ஊசியால் உடம்பில் ஏற்றிய சாயம். சில மாதங்களில் வெளுத்துவிடும், அதற்குள் ஊசிப் புண்ணில் நோய் வந்து பல மீன்கள் செத்துவிடும். சாயம் ஏற்றாத கண்ணாடி மீனே முள்ளும் குடலும் தெரிய எவ்வளவு அழகு!

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் ஓரடி ஆகிவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா? – செங்கல்பட்டு

விடவே கூடாது. தென் அமெரிக்க மீனான சக்கர் இப்படி வீடுகளிலிருந்து போய்த்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து முட்டையிடும். கவசம் போன்ற அதன் உடம்பு மீனவர் வலையைக் கிழிக்கிறது. நம் கெண்டையும் கெளுத்தியும் தின்ன வேண்டியதை அது தின்றுவிடும். இன்னும் அரை அடியாவது வளரும் என்பதால், கடைக்கோ பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுக்கப் பாருங்கள். ஆள் கிடைக்கும்வரை இரவில் விளக்கை அணைத்த பிறகு ஒரு வெள்ளரித் துண்டு போடுங்கள், பாசி மட்டும் அதற்குப் போதாது. மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.