கேளுங்கள் சொல்கிறோம்: படலையில் நின்று ஏசினால்?

கேள்வி: ரோமன் டச்சுச் சட்டம் படிக்கும்போது ‘கொன்வீக்கியும்’ என்று ஒரு லத்தீன் சொல் வந்தது. குறிப்பில் ‘ஏச்சு’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். வெறும் ஏச்சுக்கா ரோமில் வழக்குப் போட்டார்கள்?
– சட்ட மாணவி, கிளிநொச்சி

பதில்: குறிப்பு எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார் தங்கச்சி. எல்லா ஏச்சும் கொன்வீக்கியும் ஆகாது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உல்பியன் என்ற சட்ட அறிஞர் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: ஆட்கள் கூடியிருக்கிற இடத்தில், உரத்துக் கத்திச் சொன்னால்தான் அது கொன்வீக்கியும். ஒருவர் கத்தினாலும் பத்துப் பேர் கத்தினாலும் ஒன்றுதான். கூட்டமும் இல்லை, கத்தலும் இல்லை என்றால் அதற்கு வேறு பெயர், பேரைக் கெடுக்கச் சொன்ன கதை என்று. அவரே, ‘குரல்கள் ஒன்றாகச் சேருவது’ என்று இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் 47ஆம் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஆக, என்ன சொன்னாய் என்பதோடு, எவ்வளவு சத்தமாக, யார் கேட்கச் சொன்னாய் என்பதையும் அந்தச் சட்டம் பார்த்தது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. அடுப்படிக்குள் வாங்கும் ஏச்சு இரவுச் சாப்பாட்டோடு போய்விடும், சந்தியில் நாலு பேர் முன்னால் வாங்கினால் பிள்ளையின் கலியாணப் பேச்சு வரைக்கும் வந்து நிற்கும்.

கி.மு. 56இல் கேலியுஸ் என்ற இளைஞனுக்காக வாதாடிய சிசெரோ இன்னொரு விதமாகப் பிரித்தார். குற்றம் சாட்டுவது வேறு, திட்டுவது வேறு, அந்தத் திட்டு முரட்டுத்தனமாக வந்தால் கொன்வீக்கியும், பகிடியாக வந்தால் நாகரிகமான நகைச்சுவை என்று. கெட்டிக்கார வக்கீல், கட்சிக்காரன்மேல் விழுந்த பழியை வெறும் திட்டு என்று தள்ளிவிட இந்தப் பிரிவு அவருக்கு நன்றாக உதவியது.

இதைவிடப் பழையது கி.மு. 450 அளவில் வந்த பன்னிரண்டு பலகைச் சட்டம். ஒருவரை இழிவுபடுத்திப் பாடினால் மரண தண்டனை என்று அதில் இருந்ததாகச் சிசெரோவே எழுதுகிறார். அங்கே வரும் பழைய வினைச்சொல்லுக்கு, தூரத்திலும் கேட்கும்படி ஒருவித ராகத்தோடு கத்துவது, பிற்காலத்தார் கொன்வீக்கியும் என்றது இதைத்தான் என்று ஒரு பழைய அகராதிக்காரர் விளக்கம் தருகிறார். செத்த வீட்டில் ஒப்பாரிக்குள் வைத்து மருமகளுக்கு ஒரு குத்து விடுகிற ஆச்சிமாரை நினைத்துப் பார்த்தேன். ரோமில் பிறந்திருந்தால் கஷ்டம்தான்.

உங்கள் பாடத்துக்கு வேண்டியதும் இதிலேயே இருக்கிறது. ரோமர் கொன்வீக்கியத்தை ‘இனியூரியா’ என்ற அவமதிப்புக் குற்றத்தின் ஒரு வகையாக வைத்தார்கள். அந்த இனியூரியா வழக்குத்தான் ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்து, இன்றைக்கும் நம் நீதிமன்றங்களில் மானநட்ட வழக்குக்கு அடிப்படையாக நிற்கிறது. 2002இல் அவதூறைத் தண்டனைச் சட்டக் கோவையிலிருந்து எடுத்துவிட்டார்கள், மிஞ்சியது இந்தச் சிவில் வழி.

கேள்வி: வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினையில் பக்கத்து வயல்காரர் நான் இல்லாத நேரம் எங்கள் படலையடியில் நின்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் ரோமில் இது சேருமா?
– வாசகர், மல்லாவி

பதில்: சேரும் அண்ணை. ஆள் இல்லாவிட்டாலும் அவருடைய வீட்டுக்கோ கடைக்கோ போய்க் கத்தினால் அது கொன்வீக்கியும்தான். தான் வாய் திறக்காமல் வேறு ஆளைத் தூண்டிவிட்டுக் கத்த வைத்தவரும் மாட்டுவார், ஆனால் தூண்டியும் ஒருவரும் கத்தவில்லை என்றால் வழக்கில்லை. இன்னொன்று, இன்னார் என்று தெரியாமல் பொதுவாகக் கத்தினாலும் வழக்கில்லை. “எங்கட மடையைத் திறந்தவன் விளங்கமாட்டான்” என்று மட்டும் கத்தியிருந்தால் அவர் தப்பிவிடுவார். உங்கள் பெயர் சொன்னாரா என்று அப்போது வீட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: கடனைத் திருப்பி வாங்கவும் ரோமர் இப்படித் தெருவில் நின்று கத்தினார்களாமே?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ஓம், அதற்கு ‘ஃப்லாகிட்டாட்சியோ’ என்று பெயர். கடன்காரனைச் சூழ்ந்து நின்று, ஊர் கேட்க, கொடு கொடு என்று கேட்பது. ரோம நாடகாசிரியர் ப்லௌட்டுஸின் நாடகம் ஒன்றில் ஒரு வட்டிக்காரன் வீட்டு வாசலில் நின்று வட்டியைத் தா, வட்டியைத் தா என்று கத்துவான், உள்ளே இருக்கும் குட்டு வெளியே வந்துவிடுமோ என்று அந்த வீட்டு அடிமை அவனை அடக்கப் பாடுபடுவான். இங்கே நுண்கடன் வாரத் தவணைக்கு வருகிறவர்கள் கத்த வேண்டியதே இல்லை, மோட்டார் சைக்கிள் படலையில் நின்றாலே ஒழுங்கைக்கு விளங்கிவிடுகிறது.

கேள்வி: மனிசர் கத்தினால் மட்டும்தானா?
– மாணவன், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லைத் தம்பி, தவளைக்கும் உண்டு. ரோமில் மிருகக் கதைகள் எழுதிய ஃபேத்ருஸின் கதை ஒன்றில், சூரியன் கலியாணம் செய்யப் போகிறான் என்று கேட்ட தவளைகள் போட்ட கூச்சலுக்கும் கொன்வீக்கியும் என்ற சொல்தான். ஒரு சூரியனே குளத்தை வற்ற வைக்கிறான், பிள்ளைகளும் பிறந்தால் எங்கள் கதி என்ன என்பது அவற்றின் முறைப்பாடு. ஆவணியில் எங்கள் குளங்களைப் பார்த்தால் தவளைகள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கேள்வி: இயேசுவைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்திய கூட்டத்துக்கு லத்தீன் வேதாகமத்தில் இந்தச் சொல்தானா?
– வாசகர், மடு

பதில்: அங்கே இல்லை. யோவான் 19இல் வருவது ‘கத்தினார்கள்’ என்ற சாதாரண வினை, ஏனென்றால் அது கோரிக்கை. உங்கள் சொல்லின் வினைவடிவம் மாற்கு 15:32இல் இருக்கிறது: கூடச் சிலுவையில் அறையப்பட்டவர்கள் அவரை நிந்தித்தார்கள் என்று தமிழில் வாசிக்கிற இடம். மடுவில் லத்தீன் பூசை கேட்டு வளர்ந்த வயதானவர்களிடம் விசாரித்தால் ‘கொன்வீச்சியும்’ என்றுதான் உச்சரிப்பார்கள். அது கோவில் உச்சரிப்பு, பிழையில்லை.