நுவரெலியாவில் மங்கன்ஜி மிளகாய் விதை முளைக்காதது குறித்து

வணக்கம். நுவரெலியாவில் மங்கன்ஜி இனிப்பு மிளகாய் விதைகளை வெளித்திண்ணையில் ஊன்றி மூன்று வாரமாகியும் பெரும்பாலானவை முளைக்கவில்லை என்றும், முளைத்த சிலவும் தண்டடியில் கருகிச் சாய்ந்தன என்றும் எழுதியிருந்தீர்கள். விதையைக் குறைசொல்லுமுன் மண்ணின் வெப்பத்தைக் கவனியுங்கள்.

மிளகாய் விதை விரைந்து முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் மண்வெப்பம் வேண்டும். ஜப்பானின் கியோட்டோப் பகுதியில் தோன்றிய மங்கன்ஜி அங்கும் கோடைகாலப் பயிரே. உங்கள் ஊரின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகைதான் என்பதால், குளிர்ந்த ஈரமண்ணில் விதை உறங்கிக் கிடந்து பூஞ்சணத்துக்கு இரையாகிறது. நாற்றுகள் சாய்ந்ததும் நாற்றழுகலின் அடையாளமே.

எஞ்சிய விதைகளை ஈரக் கடதாசியில் மடித்து, மூடியுள்ள டப்பாவிலிட்டு, அடுப்படியில் நெருப்பின் அனல் நேரே படாத உயரத்தட்டில் வையுங்கள். வேர்முனை தெரிந்தவுடன், கழுவிய தும்புத்தூளும் நன்கு மக்கிய கூட்டெருவும் கலந்த சிறு கிண்ணங்களுக்கு மாற்றி, வெளிச்சமான சன்னலருகே வைத்து, மேற்பரப்பு காய்ந்த பிறகே நீரூற்றுங்கள். தேயிலைத் தோட்டத்து மண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அதன் அமிலத்தன்மை மிளகாய்க்கு ஒவ்வாது, டொலமைட் என்னும் சுண்ணாம்புவகைக் கல்தூளை இட்டுத் தணிக்க வேண்டும்.

நட்ட பின்னும் பொலித்தீன் கூரை அவசியம் என்றே கருதுகிறேன், ஏனெனில் இரவுக்குளிர் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரிவரச் செயற்படாமல் பூ உதிரும். இத்தகைய பாரம்பரிய இனம் கலப்பாகிக் கெடுவது பெரும் இழப்பு. ஆதலால் விதை சேகரிக்க எண்ணினால், அருகில் காரமிளகாய்ச் செடிகள் இருக்குமாயின், பூ விரியுமுன்பே சில கிளைகளை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிவிடுங்கள்.