நடுவுல ரேட்ல கை வைக்காதீங்க

அண்ணா வணக்கம். திருப்பூர்ல 30 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துறேன். டார்கெட்டுக்கு மேல தைக்கிற பீஸுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா காசுன்னு சொன்னேன், ரெண்டு மாசம் சூப்பரா ஓடுச்சு. எல்லாரும் ஈஸியா அடிக்கிறாங்களேன்னு டார்கெட்ட ஏத்தினேன், இப்ப பழைய புரடக்ஷன் கூட வரல. இவங்களுக்கு காசு ஆசையே இல்லியோ? டீம் இன்சென்டிவ் வைக்கலாமா, தனித்தனியா குடுக்கலாமா?
ச.

தம்பி,

டார்கெட்ட யாரு ஏத்தச் சொன்னது உங்கள? காசு ஆசை இல்லாமலா ஊர விட்டு வந்து லைன் வீட்ல கிடக்குறாங்க, இன்னொரு தடவ இப்படி எழுதாதீங்க.

ஹாதோர்ன் ஃபேக்டரி பத்தி படிச்சிட்டிருந்தப்பதான் உங்க லெட்டர் வந்துச்சு. சிகாகோ பக்கம், டெலிபோன் சாமான் செய்ற இடம். 1931-32ல 14 ஆம்பளைங்கள ஒரு தனி ரூம்ல வேல செய்ய விட்டு கவனிச்சாங்க. நீங்க கேக்குற டீம் இன்சென்டிவ்தான் அங்கயும், மொத்தமா எவ்ளோ செய்றாங்களோ அதுக்கேத்த காசு. ஆனா அவங்களே பேசி வச்ச மாதிரி ஒரு அளவோட நிறுத்திக்கிட்டாங்க, எவனாச்சும் வேகமா போனா புஜத்துல ஒரு குத்து. நெறைய செஞ்சு காட்டினா கம்பெனி ரேட்ட குறைச்சிரும், இல்ல ஆள குறைச்சிரும்ங்கிற பயம்தான். நீங்க டார்கெட்ட ஏத்தினதும் ரேட்ட குறைச்ச மாதிரிதான்.

எங்க சித்தி ஓவர்லாக் டெய்லர், கைன்னா அப்படி ஒரு கை, ஒரு தீபாவளி சீசன்ல புது ஸ்டைல் ஒண்ணு வந்து அவ ராப்பகலா தச்சு சனிக்கிழம சம்பளத்துல எல்லாரையும் தூக்கி சாப்ட்டுட்டா, அடுத்த வாரமே மொதலாளி அந்த ஸ்டைலுக்கு மொத்த லைனுக்கும் ரேட்ட குறைச்சிட்டாரு, கூட இருந்த பொம்பளைங்க ஒரு மாசம் அவகூட பேசல. அதுக்கப்புறம் சித்தி என்ன பண்ணுவா தெரியுமா, தச்ச பண்டில்ல பாதிய மெஷினுக்கு அடில தள்ளி வச்சு மறுநாள் கணக்குல காட்டுவா. பாவம், அவளோட திறமையெல்லாம் மெதுவா தைக்கிற மாதிரி நடிக்கறதுக்கே போச்சு. உங்க யூனிட்லயும் மெஷினுக்கு அடில குனிஞ்சு பாருங்க.

அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல லிங்கன் எலக்ட்ரிக்னு வெல்டிங் மெஷின் கம்பெனி. 1914லயே பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு கூலிக்கு, மாறினவங்க. செய்ற முறையோ மெஷினோ மாறினாதான் ரேட்ட மாத்துவாங்க, ஒருத்தன் ரொம்ப சம்பாரிக்கிறான்னு தொட மாட்டாங்க. டேமேஜ் பீஸ அவனவன் சொந்த நேரத்துல சரி பண்ணணும், அதுலயும் கறார்தான். அங்க ரேட்டு நிக்கும்னு தெரிஞ்சுதான் ஆளுங்க வேகத்த காட்டினாங்க.

வர்ற சனிக்கிழம சம்பளம் போடறப்பவே பழைய டார்கெட்தான்னு சொல்லிடுங்க. நடுவுல விட்டுப்போன இன்சென்டிவ் பாக்கியையும் குடுத்துடுங்க. புது ஸ்டைல் வந்தா புதுசா ரேட் பேசுங்க, ஓடிட்டிருக்கிற ஸ்டைல்ல கைய வைக்காதீங்க. உடனே நம்பிட மாட்டாங்க, சில மாசம் ஆகும், அதுக்குள்ள எனக்கு இன்னொரு லெட்டர் போடாதீங்க. டீமா தனியாங்கிறத அவங்ககிட்டயே கேளுங்க தம்பி.