போர்ட்டிசோமிப் ஊசி: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்குப் போடும் போர்ட்டிசோமிப் ஊசி பற்றித்தான் இம்முறை அதிகக் கேள்விகள். கம்பம், செங்கோட்டை, பீர்மேடு, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள். பலருக்குச் சிகிச்சை திருவனந்தபுரத்திலோ கோட்டயத்திலோ நடக்கிறது, வீடு தள்ளி இருக்கிறது. ஊசி போட்டு முடிய சில நொடிதான். அதற்கப்புறம் அடுத்த ஊசி வரை மருத்துவர் கண்ணில் படாமல் வீட்டில் இருக்கிறார்களே, பெரும்பாலான சிக்கல் அங்கேதான் கிளம்புகிறது.

அப்பாவுக்கு வாரம் ஒரு ஊசி. கோட்டயம் போய் வருவதில் ஒரு நாள் போய்விடுகிறது. இன்சுலின் மாதிரி வயிற்றில்தானே போடுகிறார்கள்? மருந்தை வாங்கி வந்து எங்கள் ஊர் நர்ஸம்மாவிடமே போட்டுக்கொள்ளலாமா? (கம்பம்)

வேண்டாம் தம்பி. போடும் இடம்தான் இன்சுலின் மாதிரி. இந்த மருந்து குப்பியில் தூளாக இருக்கும். 3.5 மில்லிகிராம் குப்பியைத் தோலுக்கடியில் போடுவதென்றால் 1.4 மில்லி சலைனில் கலக்க வேண்டும், இரத்தக் குழாயில் ஏற்றுவதென்றால் 3.5 மில்லியில். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் மருந்து இரண்டரை மடங்கு கூடிப்போகும், அல்லது அந்த அளவுக்குக் குறைந்துபோகும். இரு மடங்குக்கு மேல் போய், இரத்த அழுத்தம் விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அப்பாவின் உயரம், எடையை வைத்துத்தான் அளவு போடுகிறார்கள். இரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தால் அன்றைக்கு ஊசியே கிடையாது. கலக்கியதை 8 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் அங்கே கலக்கி, பஸ்ஸில் எடுத்து வரும் யோசனையும் சரிப்படாது.

அலைச்சலைக் குறைக்க வேறு வழி கேட்கலாம். உங்கள் பக்கத்தில் கீமோ போடும் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் தர முடியுமா என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். வார ஊசியை இங்கே போட்டு, பரிசோதனைக்கு மட்டும் அங்கே போகும் ஏற்பாட்டுக்குச் சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

மாமனாருக்கு டெக்சா மாத்திரை பத்தை ஒரே வேளையில் விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே மெடிக்கல்காரர், "தப்பா எழுதியிருப்பாங்க, தினம் ஒண்ணு குடுங்க" என்கிறார். (செங்கோட்டை)

டெக்சா என்பது இந்த ஊசியோடு சேர்த்துத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை, டெக்சாமெத்தசோன். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மைலோமாவுக்கு அது வழக்கமான அளவு. 4 மில்லிகிராம் மாத்திரை பத்து சேர்ந்தால் 40 மில்லிகிராம், வாரத்தில் ஒரு நாள். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் பாதிதான் தருவார்கள். நீங்களாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். இதைவிட ஆபத்து ஒன்று உண்டு, தினமும் பத்து என்று நினைத்துக் கொடுத்துவிடுவது. அடுத்த முறை போகும்போது, எந்தக் கிழமை, எத்தனை மாத்திரை என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மலையாளத்தில் எழுதினால் படித்துக் காட்டச் சொல்லி, அங்கேயே தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ராத்திரி கொடுத்தால் அவரும் தூங்க மாட்டார், நீங்களும் தூங்க முடியாது. சர்க்கரை நோய் இருந்தால் அன்றும் மறுநாளும் சர்க்கரை எகிறும். வீட்டிலேயே சோதித்து எழுதி வையுங்கள்.

கால் பாதம் மரத்துப்போய்விட்டது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று அக்கா மறைக்கிறாள். (பீர்மேடு)

இந்த மாதக் கேள்விகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். போர்ட்டிசோமிப் நரம்பைத் தொடும் மருந்து. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி, அப்புறம் எரிச்சல். செருப்பு கழன்று போனதே தெரியாமல் நாலு அடி நடப்பார்கள், சட்டைப் பொத்தான் போட வராது. தொடக்கத்திலேயே சொன்னால் அளவை, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.3 என்பதிலிருந்து 1 மில்லிகிராமாகக் குறைக்கலாம், வாரம் இரண்டு போடுகிறவர்களுக்கு ஒன்றாக்கலாம். நிறைய பேருக்கு மரப்பு குறைந்தும்விடுகிறது. மறைத்து மறைத்து வலி முற்றிய பிறகு போனால்தான் உண்மையிலேயே நிறுத்த வேண்டி வரும். அக்கா பயப்படுவதை அக்காவே வரவழைத்துக்கொள்கிறார்.

உங்கள் ஊர்க் குளிருக்கு வெந்நீர்ப் பை, கணப்பு எல்லாம் சகஜம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீரை வேறொருவர் கை வைத்துப் பார்த்துத் தரட்டும். வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. மைலோமா ஏற்கெனவே சிறுநீரகத்தைக் குறிவைக்கும் நோய். நரம்புக்கு நல்லது என்று பி6 மாத்திரையை அதிக அளவில் விழுங்குவதும் தவறு, அதுவே மரப்பை உண்டாக்கும்.

அசைக்ளோவிர் மாத்திரை எதற்கு? உடம்பில் ஒரு புண்ணும் இல்லை. (களியக்காவிளை)

புண் வராமல் இருக்கத்தான். எப்போதோ வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருக்கும். இந்த ஊசி போடும்போது அது எழுந்து அக்கியாக வரும். மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை தொடருங்கள். மீறி ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பினால் அன்றே காட்டுங்கள். அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் உடைந்த கொப்புளத்தில் காவி மண்ணைப் பூச வேண்டாம்.

ஹர்த்தாலால் வியாழக்கிழமை ஊசி தவறிவிட்டது. அடுத்த வாரம் சேர்த்துப் போடலாமா? (குமுளி)

சேர்த்துப் போடும் பேச்சே கிடையாது. இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம் வேண்டும். அன்றைக்கே ஊசி போடும் டே கேர் பிரிவுக்குப் போன் செய்து புதிய தேதி வாங்குங்கள். டெக்சாவையும் தள்ளிப்போடுவதா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

கிரீன் டீ நல்லதாமே? (வண்டிப்பெரியாறு)

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! கிரீன் டீயில் இருக்கும் ஒரு பொருள் போர்ட்டிசோமிப்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். சிகிச்சை முடியும் வரை விட்டுவிடுங்கள். வைட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான். ஒரு நெல்லிக்காய், எலுமிச்சைச் சாதம் என்று சாப்பாட்டில் வருவதற்குத் தடையில்லை. பால் டீ தாராளமாகக் குடிக்கலாம். கஷாயம், பஸ்பம் எடுத்தால் மருத்துவரிடம் பெயரோடு சொல்லுங்கள், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை உண்டு.

ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறது. எண்ணெய் தடவலாமா? (புளியரை)

தடவாதீர்கள், தேய்க்காதீர்கள். சிவப்பு சில நாளில் மங்கிவிடும். அடுத்த ஊசி அங்கிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி, அல்லது தொடையில் போடப்படுகிறதா என்று பாருங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால்? (போடி)

100.4 டிகிரியைத் தொட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், மலை ஏறி அந்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போய், சிகிச்சைச் சீட்டைக் காட்டி, "கீமோ ஊசி போடுகிறோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.