சிறு கடைக்கு ஆள் எடுக்கும்போது என்னென்ன தகுதி வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

கேள்வியைப் படித்ததும் என் கடை ஃப்ரிட்ஜ்தான் ஞாபகத்துக்கு வந்தது. நீங்களும் என்னைப் போல் ஒரே ஓர் ஆளைத் தேடுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இந்தப் பதில் உதவாது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் 19 வருடம் இருந்த அண்ணன் ஒருவர் முழங்கால் வலியால் நின்றுவிட்டார். வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: பட்டதாரி, ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும், முன் அனுபவம் அவசியம். எட்டாம் வகுப்போடு நிறுத்திய அந்த அண்ணனே இந்த அட்டையைப் பார்த்தால் உள்ளே வந்திருக்க மாட்டார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு தம்பி வந்தான். நல்ல பையன், பேச்சில் கெட்டிக்காரன். மூன்றாவது வாரம் நான் வங்கிக்குப் போயிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. இன்சுலின் கெட்டுவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்து ஃப்ரீசருக்குள் அடுக்கிவிட்டான். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது. 11 குப்பிகள் குப்பைக்குப் போயின.

(மருந்தாளுநர் இல்லாமல் கடையை விட்டுப் போனாயா என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு: பதிவு பெற்ற மருந்தாளுநர் நான்தான். நான் வெளியே போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், விற்பனை கிடையாது.)

“ஒரு போன் செய்திருக்கலாமே தம்பி” என்றேன். “அனுபவம் இருக்கிறது என்று சொல்லித்தான் சேர்ந்தேன். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவீர்களோ என்று இருந்தது சார்” என்றான். கோபம் அவன்மேல் நிற்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் வேண்டும் என்று எழுதி மாட்டியது நான்.

அடுத்த ஆளுக்கு முன்னால், இரண்டு நாள் கடையில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். ஆங்கிலம் பேசும் வேலை ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கும் வேலை நாள் முழுக்க இருந்தது. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகிப்பவர் இந்த வேலைக்கு ஆபத்து. நோட்டில் அதிக முறை வந்தது என்ன தெரியுமா? கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு எதிரே டீ குடிக்கப் போகிறவர்களைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்வது. ஊன்றுகோலோடு வரும் பாட்டி படியேற வழியில்லை. சொன்னால் “ரெண்டு நிமிஷம்” என்பார்கள். அந்த இரண்டு நிமிடம் இதுவரை முடிந்ததில்லை. சரி, அதை விடுங்கள்.

அடுத்து வந்தவர்களிடம் சான்றிதழை அப்புறம் பார்த்தேன். முதலில் ஒரு மாத்திரை அட்டையும் கத்தரிக்கோலும் கொடுத்து, நான்கு மாத்திரை வெட்டித் தரச் சொன்னேன். மூன்று பேர் சட்டென்று வெட்டினார்கள். காலாவதி தேதி அச்சிட்ட முனை வெட்டிய துண்டோடு போய்விட்டது. மீதியை எந்தத் தேதி வரை விற்கலாம் என்று இனி யாருக்கும் தெரியாது. நான்காவதாக வந்த பெண், பிளஸ் டூ படித்தவர், அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எந்தப் பக்கத்திலிருந்து வெட்டட்டும் சார்? இந்தப் பக்கம் தேதி இருக்கிறதே.”

அன்றே சேரச் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வியை வைத்தா ஆளை எடை போடுவது என்று சிலர் வருவீர்கள். என் கடைக்கு அது போதுமாக இருந்தது. உங்கள் கடைக்கு வேறு எதுவாகவோ இருக்கும், இரண்டு நாள் நோட்டில் எழுதிப் பாருங்கள்.

நான்கு வருடம் இருந்தார். அடுத்த மாதம் திருமணமாகிப் பண்ருட்டிக்குப் போகிறார். பழைய மாத்திரை அட்டை ஒன்றும் கத்தரிக்கோலும் மறுபடியும் மேசைமேல் வந்துவிட்டன.