பெரம்பூருக்கு வந்த வாடியா

ஐயா, வணக்கம். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் எட்டுப் பேருக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லோருமே என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் வேலை எனக்குப் பாதிகூடத் தெரியாது. புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறேன். ஏதாவது கோர்ஸ் படிக்கட்டுமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள மகளுக்கு,

கோர்ஸ் படிப்பதென்றால் படி. வயதைப் பற்றிக் கவலைப்படாதே, நாலு மாதத்தில் பழகிவிடும். ஆனால் 'தலையாட்டிவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஹாட் ஒர்க் பர்மிட்டை, அதாவது வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைக்கான அனுமதிச் சீட்டை நீட்டினாலும் இப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாயா? குழாய் லைனைக் காலி செய்தார்களா, எரியும் வாயு மிச்சமிருக்கிறதா என்று கேஸ் டெஸ்ட் யார் பார்த்தது என்று கேட்க வெல்டிங் தெரிந்திருக்க வேண்டாம், வாய் இருந்தால் போதும். உன் கூச்சத்துக்கு அந்த வெல்டரின் உயிரா விலை?

உன் கடிதம் வந்தபோது அந்தக் காலத் தொழிற்சங்கத் தலைவர் வாடியாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் தாத்தா பெரம்பூரில் இருந்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் நெசவாளி. எங்கள் புளியந்தோப்பு வீட்டில் அந்தப் பெயர் சொந்தக்காரர் பெயராகவே புழங்கியது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்காக ஓடியாடியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். தலைவரானவர் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி, அடையாறு பிரம்மஞான சபைக்காரர். தறியில் நின்றவரில்லை. அவர் ஆங்கிலத்தில் பேசுவதை ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மில்லைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? தொழிலாளிகள் சொன்னதுதான் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்றார்கள். அந்தச் சோற்று நேரத்தையே சங்கத்தின் கோரிக்கையாக்கினார். நெசவு தெரிந்த மேஸ்திரிகள் அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள், அவர்களில் யார் அதை மேலே கொண்டுபோனார்கள்?

1920-இல் மில் நிர்வாகம் சங்கத்தார் மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தறி ஓட்டத் தெரியாத அந்த மனிதர்தான் பிரதிவாதி. சங்கத்தாருக்கு எதிராகத் தடையாணை வந்தது. தொழிற்சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

உன் பிரிவில் ஷட்டவுன் வேலை, அதாவது இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செய்யும் பராமரிப்பு, தாமதமானால் மேலாளர் முன்னால் ஃபிட்டரைத் தள்ளிவிடாதே, நீ போய் நில். திங்கட்கிழமை அவரிடமே, "அண்ணே, இந்த பம்ப்ல ஏன் அடிக்கடி சீல் போகுது?" என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.